கிளாஸ்கோவின் கத்தி: சட்டம் எட்டிய தூரமும் எட்டாத இடமும்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 'மார்ஸ் பார்' என்றால் எப்போதும் சாக்லேட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தழும்பைக் குறிக்கும் 'ஸ்கார்' என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போவதால், முகத்தில் கத்தி கிழித்துப்போன கோட்டுக்கும் அந்த ஊரில் அதுதான் பெயர். கத்திக்கு ஊர்ச்சொல் 'சிப்'. வாயோரத்தில் தொடங்கிக் காதுப் பக்கமாக ஏறும் வெட்டுக்கு 'கிளாஸ்கோ புன்னகை' என்ற பெயர் ஊரைத் தாண்டிப் பரவியிருக்கிறது. ஆளைக் கொல்வதைவிட அடையாளம் போட்டு அனுப்புவதுதான் இந்தக் காயத்தின் நோக்கம். வெட்டுப்பட்டவன் அறுபது வயதில் கண்ணாடி பார்த்தாலும் பதினாறு வயதுச் சண்டை அங்கே நிற்கும்.

2004-05ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து முழுவதும் 137 கொலைகள் பதிவாயின. அவற்றில் 40 கிளாஸ்கோ நகரில் மட்டும். நாட்டின் மக்கள்தொகை அப்போது 50 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. நகரத்தில் 6 லட்சம் பேர்கூட இல்லை. ஐரோப்பாவின் கொலைத் தலைநகர் என்று பத்திரிகைகள் அதற்குப் பட்டம் கட்டின. கொலைகளில் பெரும்பாலானவற்றில் கையில் இருந்தது துப்பாக்கி அல்ல, கத்தி.

அதற்குப் பிறகு அந்த நகரம் கத்தியை எப்படிக் கையாண்டது என்பது இன்று பல நாட்டுக் காவல் துறைகளுக்குப் பாடமாகிவிட்டது. 'வன்முறையை நோயாகப் பார்த்தார்கள், தண்டனையை விட்டுவிட்டுப் பரிவைக் கையில் எடுத்தார்கள், கொலைகள் பாதியாகின' என்று மூன்று வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த நடு வரியில் நம்பிக்கை இல்லை. நோயாகப் பார்த்தது உண்மை. கொலைகள் பாதிக்கும் கீழே இறங்கியதும் உண்மை. தண்டனையை விட்டுவிட்டார்கள் என்பதற்குத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை. அதே ஆண்டுகளில் கிளாஸ்கோவில் சட்டம் இறுகியது, சிறைக்காலம் நீண்டது, தெருவில் நிறுத்திச் சட்டைப்பையைத் தடவும் போலீஸ்காரர்களும் பெருகினார்கள். இரண்டும் ஒன்றாக நடந்தன. அதைப் பிரித்துப் பார்க்காமல் படியெடுத்த நகரங்கள் பாதியைத்தான் எடுத்துச் சென்றன.

மூன்று முறை ஒழிக்கப்பட்ட கத்தி

கத்தியை ஒழித்துவிட்டதாக கிளாஸ்கோ அறிவித்தது 2005க்கு முன்பே பலமுறை நடந்திருக்கிறது. 1931இல் நகரக் காவல் துறைக்குத் தலைவராக வந்த பெர்சி சில்லிடோ, சவரக்கத்திக் கும்பல்களை உடைத்தவர் என்று பேர் வாங்கினார். பிரிட்ஜ்டன் பகுதியில் புராட்டஸ்டன்ட் இளைஞர்களின் 'பில்லி பாய்ஸ்', அவர்களுக்கு எதிராகக் கத்தோலிக்க இளைஞர்களின் 'நார்மன் காங்க்ஸ்' என்று வீதிக்கு வீதி படை இருந்த காலம். ஓங்குதாங்கான ஆட்களைச் சேர்த்தார், குதிரைப்படையை இறக்கினார், அடிக்கு அடி என்று நின்றார். காவலரின் தொப்பியைச் சுற்றிக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பட்டை, இன்று ஆஸ்திரேலியா வரை போலீஸ் அடையாளமாக இருப்பது, அவர் காலத்தில் கிளாஸ்கோவில் தொடங்கியதுதான். அவர் பின்னாளில் பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்புக்கே தலைவரானார். தொப்பிப் பட்டை உலகம் சுற்றியது. கத்தி ஊரிலேயே இருந்துகொண்டது.

போருக்குப் பின் நகரின் நடுவிலிருந்த நெரிசலான குடியிருப்புகளை இடித்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஈஸ்டர்ஹவுஸ், டிரம்சாப்பல், காஸில்மில்க் போன்ற புறநகர்க் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். ஊரில் இவற்றுக்கு 'ஸ்கீம்' என்று பெயர். வீடு புதிது, கழிப்பறை உள்ளேயே இருந்தது. கடை, சினிமா, விளையாட்டு மைதானம், வேலை ஆகியவைதான் கூடவே வரவில்லை. பையன்கள் தெருமுனையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1968இல் ஃபிராங்கி வான் என்ற அக்காலத்துப் பிரபலப் பாடகர் ஈஸ்டர்ஹவுசுக்கு நேரில் வந்து கும்பல் தலைவர்களோடு பேசினார். குறித்த நேரத்தில் பையன்கள் வந்து கத்திகளையும் தடிகளையும் குப்பைத் தொட்டிக்குள் போட்டார்கள். கேமராக்கள் படம் பிடித்தன. ஒரு இளைஞர் மன்றமும் பிறந்தது. அந்தத் தொட்டியின் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம்தான்: ஒப்படைத்தவனின் வீட்டு அடுப்பங்கரையில் அதே இரவு இன்னும் எத்தனை கத்தி இருந்திருக்கும்?

1993இல் கிளாஸ்கோவை உள்ளடக்கிய வட்டாரத்தின் ஸ்டிராத்கிளைட் காவல் துறை 'ஆபரேஷன் பிளேடு' என்ற பெயரில் பெரிய நடவடிக்கையில் இறங்கியது. கத்தியை ஒப்படைத்தால் வழக்கில்லை என்ற மன்னிப்புக் காலம், தெருச் சோதனை, விளம்பரம், கடைக்காரர்களோடு பேச்சு என்று எல்லாம் இருந்தன. அதன் பலனை அளந்தது போலீஸ் அல்ல, ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. முதல் சில மாதங்கள் கடுமையான கத்திக்குத்துக் காயங்கள் குறைந்தன. ஓராண்டு முடிவதற்குள் குறைவு கரைந்து, எண்ணிக்கை பழையபடி ஏறிவிட்டது. ஆரவாரமாகத் தொடங்கும் நடவடிக்கைக்கு ஆயுள் இவ்வளவுதான் என்று அன்றே ஒரு மருத்துவ இதழில் எழுதிவைத்துவிட்டார்கள்.

கத்தி எப்போது ஆயுதமாகிறது?

ஸ்காட்லாந்தில் இந்த விஷயத்துக்கு அடிப்படை 1995ஆம் ஆண்டின் குற்றவியல் தொகுப்புச் சட்டம். அதன் 47ஆம் பிரிவு, தாக்குதல் ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. அந்த ஆயுதம் மூன்று விதம்: காயப்படுத்துவதற்கென்றே செய்தது, அதற்காக மாற்றியது, வேறெதற்கோ செய்ததை அந்த எண்ணத்தோடு எடுத்துச் செல்வது. முள் பதித்த தடி முதல் வகை. கழுத்து உடைத்த பாட்டில் இரண்டாவது. திருப்புளி மூன்றாவதாக ஆகலாம், எடுத்துச் செல்பவனின் எண்ணம் நிரூபிக்கப்பட்டால்.

எண்ணத்தை நிரூபிப்பது கடினம். அதனால்தான் 49ஆம் பிரிவு. கூர்முனையோ வெட்டும் விளிம்போ உள்ள எதையும் பொது இடத்தில் வைத்திருந்தாலே போதும்; ஏன் வைத்திருக்கிறேன் என்று காரணம் காட்ட வேண்டிய பொறுப்பு வைத்திருப்பவன் தலையில் விழுகிறது. மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்திக்கு விலக்கு. விரித்தபின் பூட்டிக்கொள்ளும் வகையாக இருந்தால் அதை மடக்குக்கத்தியாக நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. வேலைக்கு, மத நம்பிக்கைக்கு, தேசிய உடைக்கு என்றால் அனுமதி உண்டு. சீக்கியரின் கிர்பானும், கில்ட் உடுத்தியவர் காலுறையில் செருகும் 'ஸ்கியன் டூ' குறுங்கத்தியும் இந்த வரிகளுக்குள்தான் பிழைக்கின்றன. கல்யாண வீட்டுக்கு கில்ட்டோடு போனவர் அதே குறுங்கத்தியை மறுநாள் ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டு மது விடுதிக்குப் போனால் சட்டம் வேறு கண்ணால் பார்க்கும். பொருள் அதேதான், சூழ்நிலைதான் குற்றம்.

இந்தச் சட்டம் இறுகிய வரிசையைக் கவனிக்க வேண்டும். கத்தி வைத்திருப்பதற்கான உச்சத் தண்டனை 2006இல் 2 ஆண்டிலிருந்து 4 ஆண்டானது. 2016இல் 5 ஆனது. கத்தி வாங்கும் வயது 16லிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது. 2007இல் வந்த சட்டம், சமையலறைக்கு அல்லாத கத்திகளை விற்பவர்கள் நகராட்சி உரிமம் பெற வேண்டும் என்றது. வாள் விற்பனைக்குப் பொதுவாகவே தடை போட்டு, மதம், பண்பாடு, விளையாட்டு ஆகியவற்றுக்கு மட்டும் கதவைத் திறந்துவைத்தது. கடைத்தெருவில் பரிசுப்பொருள் போல அலங்கார வாள்கள் தொங்கிய ஊர் என்பதால் இதற்குத் தேவை இருந்தது. அதே காலத்தில் அரசுத் தலைமை வழக்கறிஞரும் புதிய வழிகாட்டுதல் கொடுத்தார்: ஏற்கெனவே கத்தி வழக்கு உள்ளவன் மறுபடி பிடிபட்டால் பெரிய தண்டனை தரக்கூடிய நடைமுறையில் வழக்குத் தொடர வேண்டும், காவலில் வைத்தே நீதிமன்றம் கொண்டுவர வேண்டும்.

ஒரு விநோதம் மட்டும் மிஞ்சியது. ஸ்காட்லாந்தில் 16 வயது நிரம்பியவர் சமையலறைக் கத்தியையும் உணவு மேசைக் கத்தியையும் வாங்கலாம். அந்த வயதில் தனியாகக் குடித்தனம் போடவும் கல்யாணம் செய்துகொள்ளவும் சட்டம் அனுமதிக்கும் ஊரில், வெங்காயம் நறுக்கக் கத்தி இல்லை என்று சொல்ல முடியாதே. ஆனால் தெருவில் குத்தப் பயன்படுவதில் பெரும்பகுதி அந்த இழுப்பறையிலிருந்துதான் வருகிறது. அரிவாள்மணைக்கு உரிமம் கேட்க எந்த அரசாலும் முடியாது. சட்டம் நின்றுபோன இடம் அது.

இரண்டு பேர், ஒரு சிறிய அலுவலகம்

2005 ஜனவரியில் ஸ்டிராத்கிளைட் காவல் துறை வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. தொடங்கியவர்கள் இருவர். கேரன் மெக்லஸ்கி, செவிலியராகப் பணிபுரிந்து, தடயவியல் உளவியல் படித்து, காவல் துறையின் தகவல் ஆய்வுக்கு வந்தவர். ஜான் கார்னோக்கன், வாழ்நாள் முழுவதும் கொலை வழக்குகளை விசாரித்த துப்பறியும் அதிகாரி. ஒருவருக்கு எண்கள் பழக்கம். மற்றவருக்குப் பிணங்கள் பழக்கம். 2006இல் அந்தப் பிரிவு நாடு முழுவதற்குமானதாக மாறியது, ஸ்காட்லாந்து அரசே நிதி கொடுத்தது.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் வெளியிட்ட வன்முறையும் ஆரோக்கியமும் பற்றிய அறிக்கையிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு வேலைமுறை. காலரா வந்தால் எப்படி எண்ணுவோம், எந்தக் கிணறு என்று தேடுவோம், ஒரு தெருவில் சோதித்துப் பார்த்துப் பிறகு ஊருக்கு விரிப்போமோ, அதே முறை. எண்ணத் தொடங்கியதுமே முதல் அதிர்ச்சி: அடிபட்டு மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பகுதி காவல் நிலையத்துக்கே போவதில்லை. வெட்டியவன் யார் என்று தெரிந்தும் சொல்வதில்லை. நாளைக்கு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தையலோடு கிளம்பிவிடுகிறான். போலீஸ் பதிவேட்டை மட்டும் பார்த்து வன்முறை குறைந்தது, கூடியது என்று சொல்லிவந்தவர்கள் பாதிக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். வேல்ஸில் கார்டிஃப் நகரில் ஜோனதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை சிகிச்சை நிபுணர் இதே உண்மையை முன்பே கண்டுபிடித்து, மருத்துவமனைக் கணக்கைக் காவல் துறையோடு பகிரும் முறையை உருவாக்கியிருந்தார்.

கிணறு எது என்ற கேள்விக்கு வரைபடம் பதில் சொன்னது. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதி. உலக சுகாதார நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு ஒப்பீடு வருகிறது: அங்குள்ள கால்டன் பகுதியில் பிறக்கும் ஆணின் எதிர்பார்ப்பு ஆயுள் 54 ஆண்டு, சில மைல் தள்ளி லென்ஸியில் 82. இருபத்தெட்டு ஆண்டு வித்தியாசம் சில ரயில் நிறுத்தங்களுக்குள் அடங்கிவிடுகிறது. கூடுதலாக ஆயிரம் போலீஸ்காரர்களைத் தரட்டுமா, வீடு வீடாகச் சென்று தாய்சேய் நலம் பார்க்கும் ஆயிரம் செவிலியர்களைத் தரட்டுமா என்று கேட்டால் செவிலியர்களையே கேட்பேன் என்று கார்னோக்கன் சொன்னது இந்த வரைபடத்தைப் பார்த்துத்தான்.

குடியையும் இங்கே சொல்ல வேண்டும். தென்மேற்கு இங்கிலாந்தில் ஒரு கிறிஸ்தவ மடத்தோடு சேர்ந்து தயாராகும் 'பக்ஃபாஸ்ட்' என்ற மதுவில் 15 சதவீத ஆல்கஹாலும் கூடவே காஃபீனும் இருக்கும். மயக்கமும் விழிப்பும் ஒரே பாட்டிலில். 2006 முதல் 2009 வரை ஸ்டிராத்கிளைட் காவல் துறையின் குற்ற அறிக்கைகளில் 5,638இல் அதன் பெயர் வந்ததாகவும், 114 முறை அந்தப் பாட்டிலே ஆயுதமானதாகவும் பிபிசி 2010இல் வெளியிட்டது. துறவிகள் காய்ச்சியது தெருவில் 47ஆம் பிரிவின் கீழ் வந்து நின்றது.

வழக்கில்லாத நீதிமன்றம்

2008 அக்டோபரில் வன்முறைக் குறைப்புப் பிரிவின் ஏற்பாட்டில் கிளாஸ்கோ ஷெரிஃப் நீதிமன்றத்தில் வழக்கு எதுவும் இல்லாமல் ஓர் அமர்வு நடந்தது. குற்றவாளிக் கூண்டு காலி. பார்வையாளர் இருக்கைகளில் கிழக்குப் பகுதிக் கும்பல்களைச் சேர்ந்த பையன்கள், ஒருவரையொருவர் பார்த்தால் வெட்டிக்கொள்ளக் கூடியவர்கள், தனித்தனி வரிசைகளில். மேலே நிஜ நீதிபதி. வெளியே போதுமான போலீஸ்.

இந்த உத்தி அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1996இல் துப்பாக்கிக் கும்பல்களுக்காக உருவானது. சின்சினாட்டி வழியாக கிளாஸ்கோவுக்கு வந்தது. அங்கே துப்பாக்கி, இங்கே கத்தி. அங்கே போதைச் சந்தை, இங்கே தெருமுனை எல்லை. தாத்தா எந்தத் தெருவுக்காகச் சண்டை போட்டாரோ அதே தெருவுக்காகப் பேரனும் போடுகிறான். கேட்டால் காரணம் தெரியாது.

முதலில் பேசியது காவல் அதிகாரி. திரையில் அவர்களுடைய படங்களே ஓடின. நீங்கள் யார், எங்கே கூடுகிறீர்கள், யார் யாரோடு என்று எல்லாம் எங்களுக்குத் தெரியும். இனி உங்கள் குழுவில் ஒருவன் கத்தியை எடுத்தால் அவன் பின்னால் மட்டும் வர மாட்டோம், குழு முழுவதன் பின்னாலும் வருவோம். இது மிரட்டல்தான், வேறு பெயர் சொல்லத் தேவையில்லை. அடுத்து அறுவை சிகிச்சை மருத்துவர் வந்து, கிழிந்த முகத்தை மறுபடி சேர்க்கும்போது என்னென்ன சேராது என்று விளக்கினார். அதற்குப் பிறகு ஒரு தாய். வெட்டுப்பட்ட மகனை மருத்துவமனையில் பார்த்த கதையைச் சொன்னார். போலீசைக் கண்டு சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் தாய் பேசும்போது தலை குனிந்தார்கள் என்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பையன்களில் பலருக்கு அப்பா என்ற உருவமே மங்கலானது. அம்மா மட்டும்தான் வீட்டில் சொல்லுக்கு எடை உள்ள ஆள். அதை யோசித்துத்தான் அவரை அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு தொலைபேசி எண். வன்முறையை விடுகிறேன் என்று அழைத்தால் வேலைப் பயிற்சி, படிப்பு, குடியை விட உதவி, பேசுவதற்கு ஓர் ஆள் ஆகியவை கிடைக்கும். உறுதிமொழியை மீறினால் உதவி நிற்கும். மிரட்டலையும் எண்ணையும் ஒரே மேசையிலிருந்து கொடுத்ததில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. தனியாக மிரட்டினால் அது 1993. தனியாக உதவினால் அது 1968.

பலன்? இந்தத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்களையும், இதேபோன்ற பின்னணி கொண்ட, திட்டம் போகாத வேறு பகுதி இளைஞர்களையும் ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆயுதம் வைத்திருந்ததாகப் பிடிபடும் விகிதம் திட்டத்தில் இருந்தவர்களிடையே 84 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 40 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் உடல்ரீதியான வன்முறையில் இரு குழுக்களுக்கும் இடையே உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் தெரியவில்லை. இந்த இரண்டாவது வாக்கியம் மேடைப் பேச்சுகளில் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. முதல் வாக்கியத்திலேயே இன்னொரு சேதி ஒளிந்திருக்கிறது: எந்த நீதிமன்ற அமர்வும் காணாத பையன்களிடமும் கத்தி 40 சதவீதம் குறைந்திருக்கிறது. அப்போது நகரம் முழுவதிலும் வேறு ஏதோவும் நடந்துகொண்டிருந்தது.

சட்டைப்பையில் கை

அந்த 'வேறு ஏதோ'வில் ஒரு பங்கு, தெருச் சோதனை. ஸ்காட்லாந்தில் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. சந்தேகத்துக்குக் காரணம் இல்லாவிட்டாலும், 'சம்மதத்தின் பேரில்' யாரையும் நிறுத்திச் சோதிக்கலாம். பதினான்கு வயதுப் பையனை இரண்டு போலீஸ்காரர்கள் நிறுத்தி 'பார்க்கலாமா' என்று கேட்டால் அவன் மாட்டேன் என்று சொல்வானா? அதற்குச் சம்மதம் என்று பெயர்.

ஆய்வாளர் கேத் மரே 2014இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்காட்லாந்தில் மக்கள்தொகை விகிதப்படி சோதனைகள் இங்கிலாந்து, வேல்ஸைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு என்று காட்டியது. அதிகம் சோதிக்கப்பட்டவர்கள் பதின்ம வயதுப் பையன்கள்; அதிகம் சோதித்தது ஸ்டிராத்கிளைட். பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள்கூடக் கணக்கில் இருந்தார்கள். எட்டுப் படைகள் ஒன்றாகி ஒரே தேசியக் காவல் துறையான முதல் ஆண்டான 2013-14இல் பதிவான சோதனைகள் 6 லட்சத்தைத் தாண்டின. 50 லட்சம் சொச்சம் பேர் உள்ள நாட்டில்.

விவகாரம் நாடாளுமன்றம் வரை போயிற்று. வழக்கறிஞர் ஜான் ஸ்காட் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடைமுறை விதி எழுதப்பட்டு, 2017 மே மாதம் சம்மதச் சோதனை ஒழிந்தது. சோதனைகளின் எண்ணிக்கை பழைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. கொலைகள் 2005இன் உயரத்துக்குத் திரும்பவில்லை. சோதனையால்தான் கத்தி குறைந்தது என்பவர்களுக்கு இது சங்கடம். சோதனைக்குப் பங்கே இல்லை என்று சொல்வதும் அவசரம். பத்தாண்டு காலம் எந்த நேரமும் பையைத் தடவலாம் என்ற பயத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை கத்தியை வீட்டில் வைக்கப் பழகியிருக்கலாம். அதற்கு அவர்கள் போலீஸ் மீது வைத்திருந்த கொஞ்ச நம்பிக்கையை விலையாகக் கொடுத்திருக்கலாம்.

இதனால் ஒரு கணக்குச் சிக்கலும் வருகிறது. ஆயுதம் வைத்திருந்ததாகப் பதிவான குற்றங்கள் 2006-07இல் 10 ஆயிரத்தைத் தாண்டின. பத்தாண்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கின. தேடினால்தான் கிடைக்கும் பொருள் இது. தேடலின் அளவு மாறும்போது கண்டெடுப்பதும் மாறும். ஆகவே நான் பிணவறைக் கணக்கையும் மருத்துவமனைக் கணக்கையும்தான் நம்புவேன். அவை சொல்வது தெளிவு. 2006 முதல் 2011 வரை கிளாஸ்கோவில் கத்தியால் கொல்லப்பட்ட குழந்தைகளும் பதின்ம வயதினரும் 15 பேர். 2011 ஏப்ரல் முதல் 2016 ஏப்ரல் வரை ஒருவரும் இல்லை. நாடு முழுவதும் அதே கணக்கு 40லிருந்து 8 ஆனது. மொத்தக் கொலைகள் 2016-17இல் 62; 2022-23இல் 52.

தேர்தலில் கத்தி

கத்தி வைத்திருந்தால் கட்டாயம் சிறை என்ற கோரிக்கை இந்தக் காலம் முழுவதும் பலமாக ஒலித்தது. மகனைப் பறிகொடுத்த தந்தை ஒருவர் கையெழுத்து வாங்கி நாடாளுமன்றக் கதவைத் தட்டினார். 2011 தேர்தலில் தொழிற்கட்சி, கத்தியோடு பிடிபட்டால் குறைந்தது ஆறு மாதச் சிறை என்று வாக்குறுதி தந்தது. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி மறுத்தது. அதன் நீதித்துறை அமைச்சர் கென்னி மகாஸ்கில், மீன்பிடிக் கத்தியை மறந்து பையில் வைத்தவனும் வெட்டக் கிளம்பியவனும் நீதிபதியின் முன் ஒன்றாக முடியாது என்ற வாதத்தில் நின்றார். அந்தக் கட்சி தனிப் பெரும்பான்மையோடு வென்றது. கத்திக்காக மட்டும் யாரும் வாக்களித்திருக்க மாட்டார்கள்தான். ஆனாலும் கடுமையாகப் பேசாமலும் தேர்தலில் பிழைக்கலாம் என்று அரசியல்வாதிகளுக்குத் தெரிந்தது சின்ன விஷயமல்ல. கட்டாயத் தண்டனை வரவில்லை. ஆனால் நீதிபதிகள் தருகிற சிறைக்காலம் தானாகவே நீண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு

2008இல் கிறிஸ்டீன் குடால் உள்ளிட்ட மூன்று முக அறுவை சிகிச்சை நிபுணர்கள் வன்முறைக்கு எதிரான மருத்துவர்கள் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஒரே ஆளின் முகத்தை மறுபடி மறுபடி தைத்துச் சலித்தவர்கள். முதலில் பள்ளிகளுக்குப் போய்ப் பேசினார்கள். 2015 இறுதியில் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், வன்முறைக் குறைப்புப் பிரிவோடு சேர்ந்து 'நேவிகேட்டர்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள்.

நேவிகேட்டர்கள் மருத்துவரும் இல்லை, போலீசும் இல்லை. இளஞ்சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வார இறுதி இரவுகளில் படுக்கைகளுக்கு இடையே நடப்பவர்கள். சிலர் ஒரு காலத்தில் அதே படுக்கையில் கிடந்தவர்கள். ரத்தம் காயாத அந்த ஒரு மணி நேரத்தில் வெட்டுப்பட்டவன் மனம் திறந்திருக்கும். விடிந்து நண்பர்கள் வந்துவிட்டால் மூடிவிடும், பழி வாங்கும் பேச்சு தொடங்கிவிடும். நேவிகேட்டர் முதலில் கேட்பது 'யார் வெட்டினான்' என்பதல்ல. டீ வேண்டுமா, யாருக்காவது போன் செய்ய வேண்டுமா என்பது போலத்தான் பேச்சு தொடங்கும். அடுத்த வாரமும் அவரே கூப்பிடுவார். வீட்டு வாடகை, போதை, நீதிமன்றத் தேதி என்று சிக்கல் எதுவானாலும் கூடவே போவார். போலீசுக்குப் புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவன் இஷ்டம். கத்தியைப் பற்றிய கொள்கையில் கத்தியைப் பற்றியே பேசாத பகுதி இது. எனக்கு இதுதான் கிளாஸ்கோவின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது.

லண்டன் எடுத்துச் சென்றது

2018இல் லண்டனில் கத்திக் கொலைகள் பெருகியபோது மேயர் சாதிக் கான், கிளாஸ்கோவைப் பார்த்து லண்டனுக்கும் வன்முறைக் குறைப்புப் பிரிவு வரும் என்று செப்டம்பரில் அறிவித்தார். மறு ஆண்டு பிரிட்டன் உள்துறை 3.5 கோடி பவுண்டு ஒதுக்கி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 பகுதிகளில் இதே பெயரில் பிரிவுகளை உருவாக்கியது.

பெயர் எளிதாகப் பயணித்தது. அதற்கு அடியில் இருந்தவை பயணிக்கவில்லை. ஸ்காட்லாந்தில் காவல், மருத்துவம், பள்ளி, நீதிமன்றம் நான்கும் எடின்பரோவில் உள்ள ஒரே அரசின் கையில். அமைச்சரைப் பார்க்க வேண்டுமானால் ஒரு மணி நேர ரயில். லண்டனில் 32 நகராட்சிகள், மேயருக்குக் கீழ் வராத பள்ளிகளும் மருத்துவமனைகளும், அதற்கு மேல் உள்துறை. கிளாஸ்கோவின் கும்பல் தெருமுனைக்காகச் சண்டை போட்ட வெள்ளைப் பையன்கள். லண்டனின் சண்டைகளில் போதைச் சந்தையின் பணம் கலந்திருக்கிறது, போலீஸ் நிறுத்திச் சோதிப்பதில் கறுப்பின இளைஞர்களின் பல தலைமுறைக் கசப்பு கலந்திருக்கிறது. 2010க்குப் பிறகு சிக்கன நடவடிக்கையால் இங்கிலாந்தில் இளைஞர் மன்றங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகுதான் இந்தப் பிரிவுகள் வந்து சேர்ந்தன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிளாஸ்கோ அனுபவமே ஒரு கதையாக மெருகேறிக் கொள்கைச் சந்தையில் விற்பனையானது என்று அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் ஆய்வாளர் அலிஸ்டர் ஃபிரேசர் சக ஆய்வாளரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். அதே ஆண்டுகளில் மேற்கு ஐரோப்பாவின் பல இடங்களில் கொலைகள் குறைந்தன. பையன்கள் தெருமுனையிலிருந்து திரைக்குள் போனார்கள். பழைய ஸ்கீம்கள் பல இடிக்கப்பட்டுக் கும்பலின் எல்லைக்கோடே அழிந்தது. இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட யாராலும் முடிந்ததில்லை.

காலம் என்ற ஒன்றை மட்டும் சந்தேகமில்லாமல் சுட்டலாம். கிளாஸ்கோவின் பிரிவு ஆட்சி மாறியும், அதைத் தொடங்கிய இருவரும் விலகிய பிறகும் இருபது ஆண்டாக அதே வேலையைச் செய்கிறது. அதன் ஆண்டுச் செலவு பெரிய தொகையே அல்ல. இங்கிலாந்து, வேல்ஸின் 18 பிரிவுகளுக்கும் முதல் மூன்று ஆண்டு பணம் ஆண்டுக்கு ஆண்டு மட்டுமே தரப்பட்டது. 2022இல்தான் மூன்றாண்டு ஒதுக்கீடு வந்தது. நிதியாண்டு மார்ச்சில் முடியும். பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் சேரும் இளைஞர் பணியாளர் கோடைக்குள் ஒரு பையனின் நம்பிக்கையைச் சம்பாதித்தால், கிறிஸ்துமஸ் கழிந்ததும் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டியிருக்கும்.